சாக்கடைக் கதையைச் சொன்னீர்கள், குப்பை வண்டியின் கதையையும் சொல்லுங்கள்

விக்டோரியா கால இங்கிலாந்தைப் பற்றித் தமிழில் காணொளி போடுகிற, கட்டுரை எழுதுகிற நண்பர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு நகராட்சியின் சுகாதாரப் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விடியற்காலை 5 மணிக்கு மஸ்டர், அதாவது ஆள் வருகை, எடுப்பதும், எந்தத் தெருவுக்கு எத்தனை ஆள், எந்த வண்டி எத்தனை நடை என்று கணக்கு எழுதுவதும்தான் என் பிழைப்பாக இருந்தது. இப்போது நேரம் நிறைய இருக்கிறது. நீங்கள் போடுவதையெல்லாம் விடாமல் பார்க்கிறேன், படிக்கிறேன். உங்கள் உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதனால்தான் இந்த மடல்.

நீங்கள் எல்லோரும் சொல்லும் கதை ஒன்றுதான். 1854-இல் சோஹோ பகுதியில் காலரா, மருத்துவர் ஜான் ஸ்நோ நோய் பரப்பிய அடிபம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தது. 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறி நாடாளுமன்றத்துக்குள் உட்கார முடியாமல் போனது. அப்புறம் பொறியாளர் ஜோசப் பசல்ஜெட் வந்து பூமிக்கடியில் பெரிய சாக்கடைகளைக் கட்டியது. எல்லாம் உண்மை, நன்றாகவும் சொல்கிறீர்கள். ஆனால் கடைசியில் "இப்படித்தான் லண்டன் சுத்தமானது" என்று முடிக்கிறீர்கள் பாருங்கள், அந்த இடத்தில் எனக்கு மனசு ஒப்பவில்லை. சாக்கடை தண்ணீரையும் தண்ணீரோடு போவதையும்தான் கொண்டு போகும். அடுப்புச் சாம்பல் அதில் போகாது. குதிரை லத்தி போகாது. எலும்பு, கந்தல், உடைந்த பீங்கான், சிப்பி ஓடு எதுவும் போகாது. தண்ணீர் ஊற்றும் கழிப்பறையே இல்லாத ஊர்களில் மலம்கூடச் சாக்கடைக்குப் போகவில்லை. இதையெல்லாம் அள்ளியது யார், எதில் அள்ளினார்கள், எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள்? உங்கள் காணொளிகளில் இதற்குப் பதிலே இல்லை.

முதலில் அந்தக் காலத்து வீட்டுக் குப்பை என்னவென்று பாருங்கள். பெரும்பகுதி நிலக்கரிச் சாம்பல். சமையலுக்கும் கரி, குளிருக்கும் கரி, வசதியான வீடென்றால் அறைக்கு ஒரு கணப்பு. காகிதமும் காய்ந்த சருகும் அந்தக் கணப்பிலேயே எரிந்துவிடும். பிளாஸ்டிக் என்ற பேச்சே கிடையாது. அதனால் குப்பைக்கு அவர்கள் வைத்த பெயரே 'டஸ்ட்', தூசு. அதைப் போடுகிற தொட்டி டஸ்ட்பின், அள்ளுகிறவர் டஸ்ட்மேன். பிரிட்டனில் இன்றைக்கும் பலர் டஸ்ட்பின் என்றுதான் சொல்கிறார்கள். வண்டிக்கு இரண்டு பேர், ஒருவர் கூடையில் நிரப்புவார், இன்னொருவர் தோளில் சுமந்துபோய் ஏணி வைத்து உயரமான வண்டிக்குள் கொட்டுவார். அவர்களுடைய தொப்பியின் பின்பக்கம் விசிறி மாதிரி நீண்டு பிடரியை மூடியிருக்கும். சும்மா அலங்காரத்துக்கு வைத்ததில்லை, கூடையிலிருந்து சரிகிற சாம்பல் சட்டைக்குள் இறங்கி வேர்வையோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான். "டஸ்ட்-ஓ!" என்று கூவிக்கொண்டு தெருவில் வருவார்கள். பின்னாளில் லண்டனில் குப்பை எடுக்க வேண்டியவர்கள் ஜன்னலில் டஸ்ட்டின் முதல் எழுத்தான 'டி' போட்ட அட்டையை வைத்தார்கள், அதைப் பார்த்து வண்டி நிற்கும். கூலி நாளுக்கு இவ்வளவு என்று இல்லை, நடைக்கு இவ்வளவு. வீட்டுக்காரர்கள் கொடுக்கிற பீர் காசுக்கு 'ஸ்பாரோஸ்', அதாவது சிட்டுக்குருவிகள் என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது.

வண்டி நேராகப் போவது டஸ்ட் யார்டுக்கு, அதாவது குப்பையைக் கொட்டிச் சலிக்கிற கிடங்குக்கு. என் 31 வருடத்தில் பாதியைக் குப்பைக் கிடங்கில் நின்றே கழித்தவன் என்பதால், இந்த இடத்தைப் பற்றிப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் 1850-ஐ ஒட்டி இந்த யார்டுகளுக்கு நேரில் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார். மலை மாதிரி சாம்பல் குவியல். அதன் முன்னால் பெண்கள், கிட்டத்தட்ட இடுப்பளவு தூசிக்குள், ஆளுக்கொரு இரும்புச் சல்லடையோடு. ஒரு ஆண் மண்வெட்டியால் அள்ளிச் சல்லடையில் போடுவார், பெண் சலிப்பார். சல்லடை திரும்பத் திரும்ப வயிற்றில் மோதும், அதற்காகத் தடித்த தோலில் ஏப்ரன் போல ஒன்று கட்டியிருப்பார்கள். மேலே வானம், சுற்றிலும் சாம்பல், நாள் முழுக்க இதே அசைவு. எங்கள் கிடங்கில் ஒரு அக்கா இருந்தார், குவியலைக் காலால் லேசாகத் தள்ளுவார், சத்தத்தை வைத்தே உள்ளே கிடப்பது தகரமா கண்ணாடியா என்று சொல்லிவிடுவார். அந்த லண்டன் பெண்களுக்கும் அப்படியொரு காது இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சலித்த பிறகு எதுவுமே வீணாகப் போகவில்லை. மெல்லிய சாம்பல் ஒரு பக்கம், எரிந்தும் எரியாமலும் மிஞ்சிய கரித்துண்டு ஒரு பக்கம். கந்தலும் எலும்பும் இரும்பும் பழைய சாமான் வியாபாரிக்கு. ஓட்டைத் தகரம் டிரங்குப் பெட்டிகளின் மூலைக்குப் பட்டை அடிக்க. உடைந்த செங்கல்லும் சிப்பி ஓடும் சாலைக்கும் வீட்டுக்கும் அடித்தளமாகப் போட. பிய்ந்த செருப்பைக்கூடச் சாயம் செய்கிறவர்கள் வாங்கினார்கள், பிரஷ்யன் நீலம் என்கிற அந்த நிறத்துக்கு. நாம் இப்போது மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டாகப் பிரிக்கவே வீடு வீடாகக் கெஞ்ச வேண்டியிருக்கிறது, அங்கே யார்டுக்குள் ஏழெட்டாகப் பிரித்திருக்கிறார்கள்.

அந்த மெல்லிய சாம்பல் எங்கே போனது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, தயவுசெய்து இதை ஒரு காணொளியாகவே போடுங்கள். செங்கல் சூளைக்குப் போனது. களிமண்ணோடு சாம்பலைக் கலந்து பிசைந்து கல் அறுப்பார்கள். சாம்பலில் மிச்சமிருக்கும் கரி சூளையில் பற்றிக்கொள்ளும், அதனால் கல் வெளியிலிருந்து மட்டும் வேகாமல் உள்ளிருந்தும் வேகும். சலித்தெடுத்த கரித்துண்டு சூளைக்கே விறகு. கெண்ட் பக்கத்தில் சிட்டிங்போர்ன் வட்டாரச் சூளைகளிலிருந்து பாய்மரப் படகுகள் தேம்ஸ் வழியாக லண்டனுக்குச் செங்கல் ஏற்றி வரும், திரும்பும்போது லண்டன் குப்பையை ஏற்றிக்கொண்டு போகும். லண்டனில் பழைய தெருக்களில் மஞ்சளும் பழுப்புமாக ஒரு செங்கல் பார்க்கிறீர்களே, 'லண்டன் ஸ்டாக்' என்பார்கள், கிட்டத்தில் பார்த்தால் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி தெரியும். யாரோ ஒரு வீட்டுக் கணப்பின் சாம்பல் அது. ஒரு வீட்டின் குப்பை இன்னொரு வீட்டின் சுவராகி இன்னும் நிற்கிறது.

காசு இருந்ததால்தான் இவ்வளவும் நடந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம்மூரில் புளியமரம் ஏலம் எடுப்பது போல அங்கே குத்தகைதாரர்கள் குப்பையை ஏலம் எடுத்தார்கள். பாரிஷ் சபைக்கு, அதாவது அந்த வட்டார உள்ளாட்சிக்கு, பணம் கட்டி, இந்த வட்டாரத்துச் சாம்பல் எனக்கு என்று வாங்கிக்கொள்வார்கள். வீடு கட்டும் வேலை சூடுபிடித்திருந்த காலம், செங்கல்லுக்கு அவ்வளவு தேவை. அப்புறம் ஊர் பெருகியது, சாம்பலும் பெருகியது, விலை இறங்கியது. குத்தகைதாரர் பணம் கட்டுவது போய், சபைதான் குத்தகைதாரருக்குப் பணம் கொடுத்து "தயவுசெய்து அள்ளிக்கொண்டு போங்கள்" என்று சொல்ல வேண்டிய நிலை வந்தது. மேஹ்யூ எழுதும்போதே இந்த மாற்றம் தொடங்கிவிட்டது.

நகர நிர்வாகத்தின் மொத்த வரலாறும் எனக்கு இந்தத் திருப்பத்தில்தான் தெரிகிறது. குப்பைக்கு விலை இருக்கும்வரை குத்தகைதாரர் வருவார், ஆனால் எங்கே விலை இருக்கிறதோ அங்கேதான் வருவார். பணக்காரர் வீட்டில் கரி தாராளமாக எரியும், சாம்பலில் நல்ல துண்டு கிடக்கும், வெள்ளிக் கரண்டிகூட விழுந்திருக்கும், பீர் காசும் கிடைக்கும். ஏழைகளின் சந்துக்குள் என்ன கிடைக்கும்? அங்கே அவர்களே சாம்பலைக் கிளறி எரியாத துண்டை எடுத்துத் திரும்ப அடுப்பில் போட்டுவிடுவார்கள். மிஞ்சுவது வெறும் தூள். அந்தச் சந்துக்குள் வண்டி நுழையவும் முடியாது. எனவே அங்கே குப்பை கிடந்தது, கிடந்தது, கிடந்துகொண்டே இருந்தது. காசு தரும் குப்பையை மட்டும் அள்ளி, தராத குப்பையை விட்டுவிட்டுப் போகிற ஒப்பந்தத்தை நானும் என் வேலையில் பார்த்திருக்கிறேன், அதனால் இதை நாள் கணக்கில் பேசுவேன், இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

நீங்கள் எப்போதும் லண்டனைப் பற்றியே பேசுகிறீர்கள், வடக்கே போங்கள். மான்செஸ்டர், ராச்டேல் போன்ற ஆலை ஊர்களில் வரிசை வீடுகளின் பின்னால் ஒரே குழியில் மலமும் சாம்பலும் சேர்ந்து கிடக்கும், 'மிடன்' என்பார்கள். அதை அள்ளுவது இரவு வேலை. லண்டனில் மலக்குழி அள்ளும் குழுவில் நான்கு பேர் இருந்தார்கள், குழிக்குள் இறங்குபவர் ஒருவர், கயிறு பிடிப்பவர் ஒருவர், தொட்டியைச் சுமப்பவர்கள் இருவர். நள்ளிரவுக்கு மேல் தொடங்கி விடியுமுன் முடித்தாக வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிற ஊருக்கு அவர்கள் முகமே தெரியாது. 1869-ஐ ஒட்டி ராச்டேல் ஒரு வேறு வழி கண்டது. குழியே வேண்டாம், இருக்கைக்குக் கீழே ஒரு தொட்டி, சாம்பலுக்குத் தனித் தொட்டி. வாரத்துக்கு ஒரு முறையாவது வண்டி வந்து நிறைந்த தொட்டியை இறுக்க மூடி எடுத்துக்கொண்டு கழுவிய தொட்டியை வைத்துவிட்டுப் போகும். எடுத்ததை உரமாக்கி விற்றார்கள். மான்செஸ்டரும் 1870களில் அந்த வழிக்கு மாறியது. ஆனால் ஊர் பெரிது, உரம் வாங்க ஆள் போதவில்லை. 1886-இல் அந்த மாநகராட்சி காரிங்டன் மாஸ் என்ற சதுப்பு நிலத்தையே விலைக்கு வாங்கி, தண்டவாளம் போட்டு, ஊர்க்கழிவை அங்கே கொண்டுபோய்ப் பரப்பி விவசாய நிலமாக்கியது. 1895-இல் சாட் மாஸ் பகுதியிலும் நிலம் வாங்கியது. பசல்ஜெட்டின் சாக்கடையைப் போல இதுவும் பெரிய வேலைதான். ஒரு நகரத்தின் மலத்தை, பல்லாண்டு காலம், தொட்டி தொட்டியாக, மனிதர்கள் கையால் தூக்கியிருக்கிறார்கள்.

தெருவுக்கு வருவோம். இங்கே உங்கள் மேல் எனக்கு ஒரு நேரடியான குறை உண்டு. "1894-இல் லண்டன் டைம்ஸ் எழுதியது, இன்னும் 50 வருடத்தில் லண்டன் தெருக்கள் 9 அடி உயரக் குதிரைச் சாணத்தில் மூழ்கும்" என்று குறைந்தது நான்கு பேர் சொல்லிக் கேட்டுவிட்டேன். அப்படியொரு கட்டுரை கிடையாது. தேடிப் பார்த்தவர்கள் யாருக்கும் அந்த நாளிதழில் அது கிடைக்கவில்லை. யாரோ பிற்காலத்தில் எழுதியது, ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்துப் போட்டுப் பரவியிருக்கிறது. இதைப் போட்டவர்கள் தயவுசெய்து திருத்தம் போடுங்கள். அந்தப் பொய்யில் எனக்கு வலிப்பது எது தெரியுமா? மோட்டார் கார் வரும்வரை சாணத்தை யாருமே அள்ளாத மாதிரி அது பேசுகிறது. 1890களில் லண்டனில் சுமார் 3,00,000 குதிரைகள் இருந்தன. அவற்றின் சாணம் ஒவ்வொரு நாளும் அள்ளப்பட்டது. அள்ளியவர்கள் இருந்தார்கள்.

அந்தத் தெருச் சேற்றில் என்ன இருந்தது என்று லண்டனின் நடுவே 'சிட்டி' என்று தனி நிர்வாகமாக இருக்கும் பகுதியின் சுகாதார அதிகாரியாக இருந்த ஹென்றி லெதபி 1860களில் சோதித்துப் பார்த்தார். பாதிக்கு மேல் குதிரைச் சாணம், மீதி சாலைக் கல் தேய்ந்த தூளும் வண்டிச் சக்கரப் பட்டையும் லாடமும் தேய்ந்த இரும்புத் தூளும். வெயிலில் அது பறந்து கண்ணில் விழும், மழையில் பசை மாதிரி பூட்ஸில் ஒட்டும். மழை பெய்த மறுநாள் அள்ளுவது எவ்வளவு கனம் என்பது மண்வெட்டி பிடித்தவர்களுக்குத்தான் தெரியும், ஒரு நடை எடுக்கிற வண்டி இரண்டு நடை அடிக்க வேண்டி வரும். கோடையில் தண்ணீர் வண்டி வந்து தூசி அடக்கும், அந்த வேலைக்குத் தனிச் செலவு. தெருவைக் கடக்கிற இடங்களில் துடைப்பத்தோடு சிறுவர்களும் முதியவர்களும் நின்று, போகிறவர்களுக்கு வழி பெருக்கிவிட்டுச் செம்புக் காசுக்குக் கை நீட்டினார்கள். இன்னும் சிலர் நாய் மலத்தைப் பொறுக்கி, தோல் பதனிடுவதற்காக லண்டன் பெர்மாண்ட்சி பகுதித் தோல் தொழிற்சாலைகளுக்கு வாளிக்கு 8, 10 பென்ஸ் என்று விற்றுப் பிழைத்தார்கள்.

பெருக்கும் முறையிலேயே அங்கே ஒரு பெரிய வாக்குவாதம் நடந்திருக்கிறது. 1840களில் ஜோசப் விட்வொர்த், ஆமாம், திருகாணிக்கு அளவு வகுத்த அதே பொறியாளர், குதிரை இழுக்கிற பெருக்கும் இயந்திரத்தை மான்செஸ்டர் தெருவில் ஓட்டினார். சங்கிலியில் கோத்த துடைப்பங்கள் சுழன்று சேற்றை வண்டிக்குள் ஏற்றும். அதே காலத்தில் லண்டனில் சார்லஸ் காக்ரேன் என்பவர் நேர் எதிராக ஒன்று சொன்னார். வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுங்கள், தெருவுக்கு இத்தனை ஆள் என்று நிறுத்துங்கள், சாணம் விழுந்தவுடன் அது மிதிபட்டுச் சேறாகுமுன் அள்ளட்டும் என்றார். 'தெரு ஆர்டர்லி' என்று அவர்களுக்குப் பெயர். நான் காக்ரேன் பக்கம். வாரம் ஒரு நாள் பெரிய இயந்திரம் வந்து போவதைவிட, தன் தெரு என்று ஒரு ஆள் துடைப்பத்தோடு நாள் முழுக்க இருப்பது தெருவைச் சுத்தமாக வைக்கும். இதற்கு எனக்குப் புத்தகம் தேவையில்லை.

சட்டம் எப்படி மாறியது என்பதையும் இரண்டு வரி சொல்லுங்கள். 1848-இல் முதல் பொதுச் சுகாதாரச் சட்டம். 1875 சட்டத்தின் 42-ஆம் பிரிவு, உள்ளாட்சி வீட்டுக் குப்பையை அகற்ற*லாம்*, மேலிருந்து மத்திய வாரியம் உத்தரவு போட்டால் அகற்ற *வேண்டும்* என்றது. லண்டனுக்கு 1891 சட்டம் வந்த பிறகுதான் குப்பை அள்ளுவதும் தெருப் பெருக்குவதும் உள்ளாட்சியின் கடமை என்று தெளிவாக ஆனது. அந்த "லாம்" என்பது "வேண்டும்" ஆவதற்கு விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து 54 வருடம் ஆகியிருக்கிறது.

கடைசிக் கட்டமாக எரிப்பது வந்தது. 1874-இல் நாட்டிங்ஹாமில் குப்பை எரிக்கும் முதல் 'டிஸ்ட்ரக்டர்' உலையைக் கட்டினார்கள். 1894-இல் கேம்பிரிட்ஜில் கட்டிய நிலையத்தில் ஊர்க் குப்பையை எரித்து, அந்த நீராவியால் ஊர்ச் சாக்கடை நீரை இறைத்தார்கள், அந்தக் கட்டடம் இன்று அருங்காட்சியகம். 1897-இல் கிழக்கு லண்டனின் ஷோர்டிட்சில் குப்பையிலிருந்தே மின்சாரம் எடுத்தார்கள், மிஞ்சிய சூட்டில் பக்கத்திலிருந்த பொதுக் குளியலறைக்கு வெந்நீர். திறந்து வைத்தவர் விஞ்ஞானி கெல்வின் பிரபு. சுவரில் லத்தீனில் பொறித்திருக்கிறார்கள், "தூசியிலிருந்து ஒளியும் ஆற்றலும்" என்று பொருள். லண்டனில் இருக்கிற நண்பர்கள் யாராவது போனால் அந்தச் சுவரைப் படம் எடுத்துப் போடுங்கள். ஆனால் அந்தப் படத்தோடு, உலையின் வாயில் மண்வெட்டியோடு நின்ற ஆட்களையும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அப்புறம் மொழிபெயர்ப்பு விஷயம் ஒன்று. ஆங்கிலத்தில் 'ஸ்கேவஞ்சர்' என்று வருகிற இடத்தில் உங்களில் சிலர் நம்மூரில் சாதிப் பெயராகவே ஒலிக்கிற பழைய சொல்லைப் போடுகிறீர்கள். வேண்டாம். அந்த ஆங்கிலச் சொல் முதலில் லண்டனில் வெளியூர்ச் சரக்குக்குத் தீர்வை வசூலித்த அதிகாரியைக் குறித்தது, அவர்களிடமே தெருவைக் கவனிக்கும் பொறுப்பும் போய், கடைசியில் பெருக்குபவரைக் குறிக்க வந்தது. அங்கே அது வறுமை தள்ளிவிட்ட வேலை, கொடிய வேலைதான், ஆனால் இன்ன பிறப்புக்கு இது என்று எழுதி வைத்த வேலை இல்லை. அதே சொல் இங்கே வந்து, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்த 1993, 2013 சட்டங்களின் ஆங்கிலப் பெயரில் வேறு பாரத்தைச் சுமந்து நிற்கிறது. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டு ஊர் மனிதர்களுக்கும் அநியாயம். தெருப் பெருக்குபவர், குப்பை அள்ளுபவர், குழி அள்ளுபவர் என்று வேலையைச் சொல்லியே எழுதுங்கள், போதும்.

படம் இல்லாமல் எப்படிக் காணொளி போடுவது என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது, டஸ்ட்மேன்களைப் பற்றிய செதுக்குப் படங்கள், யார்டில் சல்லடை பிடித்த பெண்கள், டஸ்ட் குவியல்கள். ஒன்றுமே கிடைக்காவிட்டால் ஒரு கோலி சோடா பாட்டிலைக் கையில் எடுங்கள். 1872-இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. இங்கிலாந்தில் பழைய குப்பைமேடுகளைத் தோண்டுகிறவர்களுக்கு அது கிடைத்துக்கொண்டே இருக்கிறது, பெரும்பாலும் கழுத்து உடைந்து. உள்ளே இருந்த கோலிக்காகச் சிறுவர்கள் உடைத்தார்களாம். நாங்களும் அதற்குத்தான் உடைத்தோம். அந்தப் பாட்டில் குப்பைத் தொட்டியிலிருந்து கூடைக்கும், கூடையிலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து ஏணி ஏறி வண்டிக்கும் போன வழியைச் சொல்லுங்கள். உங்கள் அடுத்த காணொளிக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் ஒருவர்